காரைக் கழுவுவோர் கண்ணுக்குத் தப்பும் இடங்கள்

சித்தூரிலும் திருப்பதியிலும் வந்து குடியேறிய நம் தமிழ்க் குடும்பங்களுள் மோட்டார் வண்டியை நம்பிப் பிழைப்பவை பல. ஒரு வீட்டில் மூத்த பிள்ளை வாடகைக் கார் ஓட்டுகிறான். அடுத்த வீட்டில் இளையவன் ‘வாட்டர் வாஷ்’ கொட்டகையில் குழாயைப் பிடித்து நிற்கிறான். மூன்றாம் வீட்டுக்காரர் தவணை முறையில் ஒரு கார் வாங்கி, ஞாயிறுதோறும் வாசலில் நிறுத்தி, வாளியும் கையுமாகக் காட்சி தருகிறார். ஆகவே காரைச் சுத்தம் செய்வதைப் பற்றி நம் சங்கத்து ஏட்டில் ஒரு கட்டுரை வருவதில் வியப்பொன்றும் இல்லை. வண்டி கழுவுவதெல்லாம் ஒரு வித்தையா என்று கேட்பவர்கள் மட்டும் சற்றுப் பொறுத்துப் படிக்க வேண்டுகிறேன்.

இத்தொழில் இப்பக்கத்தில் பெருகியதற்குக் காரணம் வெளிப்படை. திருமலைக்குக் கார் ஏறும் முதல் மலைப்பாதை 1944-ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. இரண்டாம் பாதை 1974-இல் அமைந்தபின், புதியது ஏறுவதற்கும் பழையது இறங்குவதற்கும் என்று ஆயின. சித்தூருக்கு அருகிலுள்ள காணிப்பாக்கத்து விநாயகர் சந்நிதியிலோ, புது வண்டி வாங்கியவர்கள் ஆந்திரம், தமிழகம், கர்நாடகம் என்னும் மூன்று பக்கத்திலிருந்தும் வந்து பூசை போடுகிறார்கள். போதாக்குறைக்கு, வேலூர் மருத்துவமனைக்கு நோயாளிகளை ஏற்றிக்கொண்டு போய்வரும் கார்கள் வேறு. 2022-ஆம் ஆண்டில் திருப்பதி தனி மாவட்டமாகப் பிரிந்தது. சாலைத் தூசு மட்டும் இன்னும் பிரியாமல் இரண்டு ஊருக்கும் பொதுவாகவே இருக்கிறது.

நான் இரயில்வேயில் எழுத்தர் வேலை பார்ப்பவன். எனக்குச் சொந்தமாகக் கார் கிடையாது. ஆனால் என் வீட்டுக்கு எதிரே, குடியாத்தத்திலிருந்து வந்த அன்பர் ஒருவர் கார் கழுவும் கொட்டகை நடத்துகிறார். ஓய்வு நாட்களில் அவரோடு உட்கார்ந்து பார்த்ததும் கேட்டதும், எங்கள் இலாகாவில் இரும்பும் தண்ணீரும் சேர்ந்து செய்யும் கூத்தைக் கண்டதுமே இக்கட்டுரைக்கு ஆதாரம்.

இரயில் பெட்டியிலிருந்தே தொடங்குகிறேன். பெரம்பூர் ஐ.சி.எப். தொழிற்சாலை 1955-இல் தொடங்கி 2018 வரை செய்துவந்த பழைய வகை எஃகுப் பெட்டிகளில் துரு முதலில் எங்கே பிடிக்கும் தெரியுமா? வெயிலும் மழையும் நேரே தாக்கும் பக்கச் சுவரிலே என்று நினைப்போம். அங்கே துரு பிடித்தால் எவர் கண்ணிலும் பட்டுவிடும்; உடனே சுரண்டி வண்ணம் பூசிவிடலாம். பெட்டியின் ஆயுளைத் தின்கின்ற துரு, கழிவறைத் தரைக்கு அடியிலும், வாசற்படியை ஒட்டிய மூலையிலும், தண்ணீர் கசிந்து இறங்கி வெளியேற வழியின்றித் தங்கும் இடத்திலும் இருக்கிறது. திருப்பதியிலுள்ள பெட்டிப் பழுதுபார்ப்புப் பணிமனை போன்ற இடங்களில் பெட்டியைப் பிரித்துப் பார்க்கும்போதுதான் அதன் கோலம் வெளிப்படும். காரும் இரும்புத் தகட்டால் ஆனதே. கழுவுபவன் கண் எங்கே போகவில்லையோ அங்கேதான் கேடு குடியிருக்கிறது. அன்பர் தம் கொட்டகைக்கு வரும் பையன்களுக்கு முதல் வாரம் முழுவதும் கற்றுக்கொடுப்பது இந்த ஒன்றைத்தான்.

இந்த ஊர்க் கார்களுக்கென்றே உரிய அழுக்கு ஒன்று உண்டு. அது பக்தியால் வரும் அழுக்கு. பூசை போட்ட வண்டியில் பானெட்டிலும் கண்ணாடியிலும் சந்தனமும் குங்குமமும் பளிச்சென்று தெரியும். அவற்றை எவரும் துடைத்துவிடுவர். பானெட்டுக்கும் மட்கார்டுக்கும் நடுவே உள்ள விரலிடுக்கில் வழிந்து இறங்கிய சந்தனம் அங்கேயே காய்ந்து, சுண்ணாம்புக் காரைபோல் இறுகிவிடும். கதவுக் கைப்பிடியின் உட்குழிவில் இட்ட பொட்டு, பெட்ரோல் மூடியைச் சுற்றிய பள்ளம், முன்புறத்து எழுத்துச் சின்னத்தின் பின்பக்கம் ஆகிய இவையெல்லாம் மாதக்கணக்கில் அப்படியே கிடக்கும். காய்ந்ததை நகத்தாலோ கத்தியாலோ சுரண்டினால் வண்ணம் போய்விடும். ஈரத்துணியைப் பத்து நிமிடம் ஒட்டிவைத்து ஊறவிட்டு, மெல்லிய தூரிகையால் தள்ள வேண்டும். மலிவான குங்குமத்தில் சாயம் கலந்திருப்பதுண்டு. வெள்ளைக் காரில் அது ஓரிரு வாரம் தங்கினால் கறையாகவே நின்றுவிடும்.

உடைத்த தேங்காயின் நீர் சர்க்கரை கலந்த நீர். அது முன்புறத்துச் சல்லடையில் தெறித்து எறும்பை அழைக்கும். தேங்காய்ச் சில்லு ஒன்று என்ஜின் பக்கம் விழுந்து கிடந்தாலோ எலிக்கு விருந்து. தேங்காயைத் தின்ன வந்த எலி மின்கம்பியையும் சுவைபார்த்துவிட்டே போகும். கோத்துத் தொங்கவிட்ட எலுமிச்சம்பழம் வாடி அதன் சாறு படும் இடத்தில், பளபளக்கும் உலோகப் பூச்சு மங்கும். கற்பூரத் தட்டை நேரே பானெட்டின்மேல் வைப்பவர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்குச் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை.

எல்லாவற்றிலும் அதிகம் மறக்கப்படுவது பூமாலை. வண்டி ஓடும்போது மாலையிலிருந்து உதிரும் இதழ்கள், முன்கண்ணாடிக்குக் கீழே வைப்பர் இருக்கும் பள்ளத்தில் போய் அடைகின்றன. மேலே கறுப்பு நிறத்தில் ஒரு சல்லடைத் தகடு மூடியிருப்பதால் உள்ளே நடப்பது தெரியாது. அந்தப் பள்ளத்தின் இரு ஓரத்திலும் மழைநீர் இறங்கிப்போக வழி உண்டு. சாமந்தி இதழும் வேப்பிலையும் நூலும் சேர்ந்து அழுகி அந்த வழியை அடைத்துவிட்டால், அடுத்த மழையில் நீர் தேங்கும். குளிர்சாதனத்துக்கு வெளிக்காற்றை இழுக்கும் வாயும் பல வண்டிகளில் அங்கேயே இருக்கிறது. அதன் வழியாக நீர் உள்ளே புகுந்து, முன்னிருக்கையில் அமர்பவர் காலடி விரிப்பை நனைக்கும். வண்டிக்காரர் என்ன நினைப்பார்? யாரோ தண்ணீர்ப் புட்டியைக் கொட்டிவிட்டார்கள் என்று நினைப்பார். விரிப்பின் மேற்புறம் காய்ந்துவிடும். அடியிலுள்ள பஞ்சு காயாது. பூஞ்சண நாற்றம் தொடங்கும். அதற்கு மருந்தாக ஒரு வாசனைப் புட்டி வாங்கித் தொங்கவிடுவார். இதற்கிடையே தரைத்தகடு அடியிலிருந்து அரித்துக்கொண்டிருக்கும். அந்த இடத்தில் மின்னணுப் பெட்டி பொருத்திய வண்டியானால் செலவு எங்கே போய் நிற்கும் என்று சொல்ல முடியாது. கை நிறைய இதழ்களை வாரி எறிந்து, ஒரு செம்பு நீரை மெல்ல ஊற்றி, அது சக்கரத்தின் பக்கம் கீழே இறங்குகிறதா என்று பார்க்க ஐந்து நிமிடம் போதும்.

நீர் வெளியேறும் வழி இதோடு நிற்கவில்லை. ஒவ்வொரு கதவின் அடி விளிம்பிலும் சிறு துளைகள் உண்டு. கண்ணாடி ஏறி இறங்கும் இடுக்கின் வழியே கதவுக்குள் நீர் இறங்குவது இயல்பு. அது அத்துளைகளின் வழியே வெளியேறும்படி வைத்தே கதவைச் செய்திருக்கிறார்கள். சேறு அடைத்துக்கொண்டால் கதவு குடமாகிவிடும். கழுவி முடித்தபின் கதவைச் சற்றே ஆட்டினால் உள்ளே சலசலவென்று ஒலி கேட்கிறதா என்று காதை வைத்துக் கேட்க வேண்டும். கேட்டால் துளை அடைந்திருக்கிறது என்று பொருள். கம்பியை விட்டுக் குத்தலாகாது. வண்ணம் கீறி, அந்தக் கீறலே துருவுக்கு வாசலாகும். மெல்லிய பிளாஸ்டிக் நாக்கு போதும். கூரையில் திறக்கும் கண்ணாடி வைத்த கார்களில் அதன் நான்கு மூலையிலும் இதேபோன்ற நீர்க்குழல்கள் உண்டு. ஆசைப்பட்டு அத்தகைய காரை வாங்குகிறவர்களில் இதை அறிந்தவர் மிகச் சிலர். டிக்கியில் ‘ஸ்டெப்னி’ சக்கரம் கிடக்கும் குழியையும் தூக்கிப் பார்க்க வேண்டும். அங்கே குளம் கட்டியிருப்பதை நானே கண்டிருக்கிறேன்.

இனி வண்டியின் உட்புறம். திருமலையில் முடி காணிக்கை செலுத்தியவர்கள் மொட்டைத் தலையில் சந்தனம் பூசிக்கொண்டு காரில் ஏறுவது நாம் நாள்தோறும் காண்பது. இருக்கையின் தலைச்சாய்விலும், கதவோரத்துக் கூரைத் துணியிலும் அந்தச் சந்தனம் அப்பிவிடும். சந்தனத்தில் மஞ்சள் கலந்திருக்கும்போது வேடிக்கை ஒன்று நடக்கும். கழுவும் பையன் துணி சோப்பைப் போட்டுத் தேய்ப்பான். மஞ்சள் கறை இரத்தச் சிவப்பாக மாறும்! பயந்துபோய் இன்னும் தேய்ப்பான், இன்னும் சிவக்கும். ஆலத்தி கரைக்கும் நம் தாய்மார்களைக் கேட்டால் காரணம் சொல்வார்கள். மஞ்சளில் சுண்ணாம்பு சேர்த்தால் சிவக்கிறதல்லவா? சுண்ணாம்பைப் போலவே துணி சோப்பும் காரம். புளிப்புத் தன்மையுள்ள ஒன்று, அதாவது நீர் கலந்த வினிகரில் நனைத்துப் பிழிந்த துணி பட்டால், சிவப்பு மறைந்து பழைய மஞ்சள் திரும்பும். பிறகு காரமில்லாத சோப்பு நீரால் ஒற்றி எடுக்க வேண்டும். எஞ்சிய மங்கல் மஞ்சளுக்கு வெயிலே மருந்து. மஞ்சளின் நிறம் சூரிய ஒளியில் தானே வெளுக்கும்.

கூரைத் துணியைப் பற்றி ஓர் எச்சரிக்கை. அது மெல்லிய பஞ்சின்மேல் பசையால் ஒட்டப்பட்டது. அதைத் தரைவிரிப்பைப்போல் நனைத்துத் தேய்த்தால் பசை விட்டு, துணி பந்தல்போல் தொங்கிவிடும். துணியை நீரில் நனைக்காமல், நுரையை மட்டும் எடுத்துத் தொட்டுத் தொட்டுத் துடைக்க வேண்டும். லட்டின் நெய் இருக்கையில் இறங்கியிருந்தால் முதலில் உலர்ந்த துணியை வைத்து அழுத்தி உறிஞ்சச் செய்தபின்னரே சோப்பு. முன்னதாக நீர் பட்டால் நெய் பரவும். இருக்கையின் அடியில் கையை விடும்போது மஞ்சள் உறையிட்ட மின்கம்பி தென்பட்டால், அது காற்றுப்பைக்கு உரியது. அங்கே நீரையும் கொட்டலாகாது, கம்பியையும் பிடுங்கலாகாது.

சுத்தத்தைவிடப் பெரிய விஷயம் ஒன்று இருக்கிறது. சில கொட்டகைகளில் வாடிக்கையாளர் மனம் மகிழ வேண்டும் என்று, உட்புறத்திலுள்ள கறுப்புப் பாகங்கள் அனைத்துக்கும் சிலிகோன் மெருகைத் தடவிவிடுகிறார்கள். டேஷ்போர்டு மின்னும்; ஸ்டீயரிங் மின்னும்; பிரேக் மிதியும் மின்னும். மிதியின் ரப்பர் மின்னினால் அது வழுக்குகிறது என்று பொருள். திருமலையிலிருந்து இறங்கும் பழைய பாதையில் 36 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. அன்பரிடம் வாடிக்கையாக வரும் ஓட்டுநர் ஒருவர், வேறோர் இடத்தில் மெருகேற்றிய வண்டியில் யாத்ரீகர் ஐவரை ஏற்றிக்கொண்டு அதில் இறங்கினார். மழைத் தூறல், செருப்பின் அடியும் ஈரம். ஒரு வளைவில் பிரேக்கை மிதிக்கக் கால் பக்கவாட்டில் நழுவியது. வண்டி கீழ்க் கியரில் இருந்ததால் வேகம் குறைவு. மறுபடி மிதிக்க அவகாசம் கிடைத்தது. ஓரச் சுவருக்கு ஒரு சாண் இருக்கையில் நின்றது. வண்டியில் இருந்தவர்கள் கோவிந்த நாமம் சொல்லி நிம்மதி அடைந்தார்கள். கீழே வந்ததும் அவர் செய்த முதற் காரியம், சோப்பு நீரால் மூன்று மிதிகளையும் தேய்த்துக் கழுவியதே. அவருக்குப் பள்ளி செல்லும் பிள்ளைகள் இருவர்.

ஆகையால் மிதிகள், ஸ்டீயரிங் வளையம், கியர்த் தண்டு ஆகியவற்றை வெறும் சோப்பு நீரால் துடைத்து உலர்த்தினால் போதும். மெருகு வேண்டவே வேண்டாம். டயருக்குப் பூசும் கறுப்பு மெருகையும் நேரே பீய்ச்சாமல், பஞ்சில் எடுத்துப் பக்கச்சுவரில் மட்டும் தடவ வேண்டும். சாலையைத் தொடும் பகுதியில் பட்டால் சறுக்கும். பிரேக் தகட்டில் தெறித்தால் பிரேக் பிடிக்காது. கழுவியபின் மிதியடிகளைத் திரும்பப் போடும்போது அவற்றின் கொக்கியை மாட்டாமல் விடுவதும் வழக்கமாக நிகழும் கவனக்குறைவு. நழுவி முன்னே போகும் மிதியடி மிதியின் கீழே மடிந்துகொள்ளும். இருக்கையின் அடியில் உருளும் தண்ணீர்ப் புட்டியையும் எடுத்துவிட வேண்டும்.

மலையிறங்கிய வண்டியை வந்த சூட்டோடு கழுவக் கொடுப்பவர்கள் அநேகர். அப்போது பிரேக் தகடு கை வைக்க முடியாத சூட்டில் இருக்கும். அதன்மேல் குளிர்ந்த நீரைப் பீய்ச்சினால் தகடு கோணக்கூடும். பிறகு பிரேக் போடும்போதெல்லாம் மிதி அதிரும். அரைமணி நேரம் ஆறவிட வேண்டும். கழுவி முடித்து வெளியே எடுத்ததும், மெதுவான ஓட்டத்தில் இரண்டு மூன்று முறை பிரேக்கை இலேசாக மிதித்து ஈரத்தைப் போக்கிக்கொண்டு பிறகே சாலைக்கு வர வேண்டும்.

கண்ணாடி துடைப்பது எளிது என்று எல்லாரும் எண்ணுகிறார்கள். கதவுக் கண்ணாடியை இரண்டு விரற்கடை கீழே இறக்கிப் பாருங்கள். மேல் விளிம்பில் இரப்பரின் உள்ளே மறைந்திருந்த அழுக்குக் கோடு ஒன்று கரைபோட்ட வேட்டிபோல் தெரியும். முன்கண்ணாடியின் உட்புறத்தில், வெயிலில் காயும் பிளாஸ்டிக்கிலிருந்து எழும் ஆவி மெல்லிய படலமாகப் படிகிறது. பகலில் அது தெரியாது. இரவில் எதிர்வரும் லாரியின் விளக்கு பட்டதும் கண்ணாடி முழுவதும் வெள்ளையாகப் பரந்து, சாலையே மறைந்துபோகும். பலமநேர் மலைச்சாலையில் இரவுப் பயணம் போகிறவர்களுக்கு இதன் அருமை தெரியும். ஒரு துணியால் ஈரமாகத் துடைத்து, உடனே மற்றொரு உலர்ந்த துணியால் துடைக்க வேண்டும். ஒரே துணி என்றால் படலம் இடம் மாறுமே ஒழியப் போகாது. வைப்பரின் இரப்பர் விளிம்பையும் ஒருமுறை துடைத்துவிடலாம். அதில் வரும் கரியைப் பார்த்தால் கண்ணாடி ஏன் கோடுகோடாக ஆகிறது என்பது விளங்கும்.

வேலூர்ப் பயண வண்டிகளுக்குத் தனிக் கவனம் வேண்டும். நோயாளி வாந்தி எடுத்திருப்பார். குழந்தைக்குக் கரைத்த பால் சிந்தியிருக்கும். இருக்கையைத் துடைத்துவிடுகிறோம், பாதுகாப்புப் பட்டையை மறந்துவிடுகிறோம். அது ஈரத்தோடு தன் கூட்டுக்குள் சுருண்டுகொள்கிறது. மறுநாள் நாற்றம் எங்கிருந்து வருகிறது என்று யாருக்கும் தெரிவதில்லை. பட்டையை முழு நீளத்துக்கு இழுத்து, ஒரு கவ்வியால் நிறுத்தி, இலேசான சோப்பு நீரால் கழுவி, நன்றாகக் காய்ந்தபின்னரே உள்ளே விட வேண்டும். வெளுப்பு மருந்து பட்டால் பட்டையின் இழை வலுவிழக்கும். உயிரைப் பிடித்து நிறுத்த வேண்டிய இழை அது. குளிர்சாதனக் காற்றை வடிகட்டும் தாள்வடி பெரும்பாலும் டேஷ்போர்டு அறையின் பின்னே இருக்கிறது. அதைக் கழற்றித் தட்டாமல் எத்தனை வாசனை தெளித்தாலும் பயனில்லை. மேலும் கடுமையான வாசனை, நோயாளிக்குக் குமட்டலை அதிகமாக்கும்.

சித்தூர் என்றால் மாம்பழம். பூக்கும் பருவத்தில் மாமரத்து நிழலில் வண்டியை நிறுத்தினால், தத்துப்பூச்சிகள் சொரியும் தேன்போன்ற பிசின் கூரை முழுவதும் துளித்துளியாகப் படியும். அதன்மேல் கரும்பூஞ்சை வளரும். காய்க்கும் பருவத்திலோ காம்பிலிருந்து வடியும் பால். கையில் பட்டாலே தோலைப் புண்ணாக்கும் அந்தப் பால் காரின் வண்ணத்தை மட்டும் வாழ்த்துமா? டிக்கியில் மாங்காய் ஏற்றிய நாளன்றே அதன் விளிம்பைச் சோப்பு நீரால் துடைத்துவிட வேண்டும். பறவை எச்சமும் அவ்வாறே; உலர்ந்ததைத் தேய்க்காமல் ஊறவைத்து எடுக்க வேண்டும்.

2014-இல் உற்பத்தி நின்றுபோன அம்பாசிடர் காலத்துக் கனத்த வண்ணத்தை நினைத்துக்கொண்டு இன்றைய கார்களைத் தேய்க்கிறார்கள். இப்போதைய வண்ணத்துக்கு மேலே ‘கிளியர் கோட்’ என்னும் நிறமற்ற மெருகுப் பூச்சு இருக்கிறது. அதன் கனம் ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டரில் 25-இல் ஒரு பங்கு, தலைமயிரைவிட மெல்லியது. ஒவ்வொரு ‘பாலிஷ்’ வேலையும் அதிலிருந்து சிறிது தேய்த்தெடுக்கிறது. தரையில் விழுந்த துணியை உதறிவிட்டு மீண்டும் பயன்படுத்தினால், அதில் ஒட்டிய மணல் அந்தப் பூச்சில் வட்டவட்டமாகக் கோடு கிழிக்கும். வெயிலில் நின்றால் சிலந்திவலைபோல் தெரிவது அதுவே. துணி அலச ஒரு வாளி, சோப்புக்கு ஒரு வாளி என்று இரண்டு வாளி வைப்பதும் இதற்காகத்தான். ஆழ்குழாய்க் கிணற்று உப்புநீரை வண்டியின்மேல் காயவிட்டால் வெள்ளைப் புள்ளிகள் விழும். நிழலில் கழுவி உடனே துடைக்க வேண்டும்.

இத்தனையும் செய்ய நேரம் வேண்டும். அரைமணி நேரத்தில் வண்டியை முடித்துக் கொடு, ஐம்பது ரூபாய் குறைத்துக்கொள் என்று பேரம் பேசும் வாடிக்கையாளர், மேலே சொன்ன இடங்களில் ஒன்றையும் எதிர்பார்க்க முடியாது. கொட்டகைப் பையனும் மனிதன்தானே! நாளொன்றுக்கு இத்தனை வண்டி என்று கணக்கு வைத்து விரட்டினால் கண்ணுக்குத் தெரியும் இடத்தைத் துடைத்துவிட்டு அடுத்த வண்டிக்குப் போய்விடுவான். அவன் கையையும் ஒருமுறை பாருங்கள். நாள் முழுவதும் சோப்பு நீரில் ஊறிய விரலிடுக்குகள் வெடித்திருக்கும். சக்கர வட்டையின் கரியைப் போக்கச் சிலர் கடும் அமிலக் கலவை கொடுக்கிறார்கள், கையுறை கொடுப்பதில்லை. அமிலமின்றி, சோப்பும் தூரிகையும் கொண்டே வாரம் ஒருமுறை கழுவினால் அந்தக் கரி ஏறவே ஏறாது. நம் ஊர்களிலிருந்து, பாஷை தெரியாத இடத்துக்கு, பதினெட்டு இருபது வயதில் வந்து இவ்வேலையில் சேரும் பிள்ளைகளுக்கு முழங்கை வரை மறைக்கும் இரப்பர்க் கையுறையும், வழுக்காத காலணியும் முதலாளி தர வேண்டும். தராவிட்டால் வாடிக்கையாளராகிய நாமாவது கேட்கலாம்.

வண்டியைத் திரும்பப் பெறும்போது பானெட்டில் முகம் பார்ப்பதை விட்டு, கதவைத் திறந்து அதன் கீல் பக்கத்தைப் பாருங்கள். பிரேக் மிதியைக் கையால் தொட்டுப் பாருங்கள். கண்ணாடியை இரண்டு விரற்கடை இறக்குங்கள். பின்புறத்துக் காமிராவின் வில்லையைத் துடைத்திருக்கிறார்களா என்று கவனியுங்கள். இவை நன்றாக இருந்தால் மற்றவையும் பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். பேசிய தொகையோடு பையன் கையில் பத்து இருபது கூடுதலாகக் கொடுத்துவிட்டு வரலாம்.

ஆயுத பூசைக்கு முந்தின இரண்டு நாளும் எல்லாக் கொட்டகைகளிலும் வண்டிகள் தெருவரை நிற்கும். பூசைக்கு முன் கழுவுவதைவிடப் பூசைக்கு மறுநாள் கழுவுவதே வண்டிக்கு அதிகம் தேவை என்பது எதிர்வீட்டு அன்பரின் கட்சி. சந்தனம் அப்போது இறுகியிராது, இதழ்களும் அழுகியிரா, கொட்டகையிலும் கூட்டம் இருக்காது.